வீட்டு இருட்டறைக்கு ஒரு விளக்கு: சிவப்பாக இருந்தால் மட்டும் போதுமா?

வீட்டில் கருப்பு வெள்ளைப் பிரிண்ட் போட ஆரம்பித்த புதிதில் போட்டோ பேப்பரைக் கெடுக்காத வெளிச்சம் வேண்டும் என்று, இருட்டறையாக மாற்றிய குளியலறையில் நான் மாட்டியது ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. ஸ்டுடியோக்களில் அப்படித்தான் பார்த்திருந்தேன். படம் வந்தது, முகமெல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் தாத்தாவின் வேட்டி மட்டும் வெள்ளையாக வரவில்லை. பல வருடம் துவைத்துப் பழுப்பேறியது போல ஒரு சாம்பல் படிந்திருந்தது. பேப்பரில் படத்தை வரவழைக்கும் கரைசலான டெவலப்பர் பழசாகிவிட்டதோ என்று புதிதாகக் கலக்கினேன். பேப்பர் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு பெட்டி வாங்கினேன். நெகட்டிவைக்கூடச் சந்தேகப்பட்டேன். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பின் மேல் சந்தேகமே வரவில்லை. அதுதான் சிவப்பாக இருக்கிறதே!

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். ஒரு விளக்கு சிவப்பாகத் தெரிகிறது என்றால் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்குள் நூற்றில் ஒரு பங்கு நீலமோ பச்சையோ கலந்திருந்தால் நம் கண் அதைக் கண்டுகொள்ளாது. போட்டோ பேப்பருக்கோ அந்த ஒரு பங்குதான் கண்ணில் படும், மீதி தொண்ணூற்றொன்பதும் படாது. இருட்டறை விளக்கை வீட்டிலேயே செய்யும்போது எது எரிகிறது என்பதைவிட எது கசிகிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

பேப்பர் ஏன் சிவப்பைப் பார்ப்பதில்லை? அதன் மேல் ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பது வெள்ளி உப்புகள், அதாவது சில்வர் புரோமைடும் சில்வர் குளோரைடும். ஒளி பட்டு அந்த உப்புப் படிகத்தில் ஒரு எலக்ட்ரான் கழன்றால்தான் படத்துக்கான விதை விழும். கழற்றுவதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வலு வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஊதா, நீல ஒளித் துகள்களுக்கு அந்த வலு இருக்கிறது. சிவப்புத் துகளுக்கு இல்லை, ஆயிரம் வந்து மோதினாலும் நடக்காது. சில்வர் குளோரைடு ஏறக்குறைய ஊதாவோடு நின்றுவிடும். புரோமைடு நீலத்தைத் தாண்டி, சுமார் 490 நானோமீட்டர் அலைநீளம் வரை எட்டிப் பார்க்கும். அதற்கு மேலே உள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் வெறும் வெள்ளி உப்புக்கு இருட்டுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கொலோடியன் என்ற பசைக் கரைசலைக் கண்ணாடியில் பூசி ஈரமாகவே படமெடுத்த காலத்தில், இருட்டறை என்பது பெரும்பாலும் மஞ்சள் கண்ணாடி போட்ட ஜன்னல் உள்ள அறைதான். பகல் வெளிச்சத்திலேயே வேலை நடந்தது. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு (ஜெலட்டின் பூசி உலர்த்திய கண்ணாடிக்கு) வழி காட்டினார். அடுத்த சில வருடங்களில் அந்தத் தகடுகளின் வேகம் பல மடங்கு கூடியது. அதுவரை எந்தத் தொந்தரவும் தராத மஞ்சள் ஜன்னல் திடீரென்று தகட்டைக் கெடுக்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடிக் கூடு போட்ட 'ரூபி விளக்கு' பரவலானது அதற்குப் பிறகுதான்.

1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் கவனித்த விஷயம் இந்தக் கணக்கை இன்னும் கலைத்துப் போட்டது. ஒளி சிதறாமல் இருக்கச் சாயம் சேர்த்திருந்த சில தகடுகள் பச்சையையும் பதிவு செய்தன. சரியான சாயத்தைச் சேர்த்தால் வெள்ளி உப்பு தனக்குத் தெரியாத நிறத்தையும் பார்க்கும். பச்சை வரை பார்ப்பவை ஆர்த்தோ ஆயின. 1906இல் லண்டனை ஒட்டிய க்ராய்டனில் இருந்த ராட்டன் அண்டு வெய்ன்ரைட் நிறுவனம் சிவப்பையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே இருந்த கென்னத் மீஸ் பின்னாளில் கோடாக்கின் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். 1912இல் கோடாக் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. ராட்டன் என்ற பெயர் மட்டும் ஒளியை வடிகட்டும் ஃபில்டர்களின் பெயராக இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, எதற்குப் பாதுகாப்பான விளக்கு என்று கேட்காமல் எந்த விளக்கு பாதுகாப்பானது என்று கேட்டால் பதில் கிடையாது. இன்றைய சாதாரணக் கருப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாமே பான்குரோமாட்டிக். அதற்கு எந்த விளக்கும் ஆகாது. பழைய ஃபில்டர் பட்டியல்களில் அதற்கென்று ஒரு கரும்பச்சை ஃபில்டர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஃபிலிமுக்குப் பச்சை தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே தெரியும். இருட்டுக்குப் பழகிய நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகக் குறைந்த அளவிலும் புலப்படும் என்பதால், சில நொடிகள் எட்டிப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த சலுகை அது.

பேப்பர் கதை வேறு. நெகட்டிவே கருப்பு வெள்ளை என்பதால் பேப்பருக்கு எல்லா நிறமும் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் இருட்டறையில் இன்னும் நம்மால் கண் திறந்து வேலை பார்க்க முடிகிறது. கான்ட்ராஸ்ட், அதாவது கருப்பு வெள்ளை வேறுபாடு, எவ்வளவு என்று கிரேடு எண் போட்டு வரும் பழைய வகைப் பேப்பருக்கு நீலம் வரைதான் பார்வை. இல்ஃபோர்டு நிறுவனம் 1940இல் கொண்டுவந்த மல்டிகிரேடு வகை வேறு மாதிரி. ஃபில்டரை மாற்றிக் கான்ட்ராஸ்டை மாற்றுவதற்காக, அதன் பூச்சில் நீலத்தோடு பச்சையும் பார்க்கும் பகுதி சேர்த்திருப்பார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான். கிரேடு பேப்பருக்குப் பல வருடம் சரியாக இருந்த மஞ்சள் விளக்கு மல்டிகிரேடுக்குக் காலை வாரிவிடுவது இதனால்தான்.

சரி, என் ஜீரோ வாட் பல்பு செய்த தப்பு என்ன?

பெயரில்தான் ஜீரோ. பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும். வேடிக்கை என்னவென்றால், கோடாக் தன் ஓ.சி. என்ற வெளிர் ஆம்பர் (மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிற) ஃபில்டருக்குச் சொல்லும் அளவும் 15 வாட்தான், பேப்பரிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி. அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஃபில்டர் எந்த அலைநீளத்தில் ஒளியை வெட்ட வேண்டும் என்று பார்த்துச் செய்தது. ஜீரோ வாட் பல்பின் மேல் இருப்பதோ படுக்கையறைக்கு அழகாக இருக்கட்டும் என்று பூசிய சிவப்பு. ஓரிடத்தில் தடிப்பாக, ஓரிடத்தில் மெல்லிசாக, தகரத் தொப்பிக்குப் பக்கத்தில் சில சமயம் பூச்சே இல்லாமல் இருக்கும். போதாக்குறைக்கு, சிவப்புச் சாயங்களில் பலவும் பச்சையை நன்றாகத் தடுத்துவிட்டு, மறுகோடியில் நீல ஊதாவைக் கொஞ்சம் விட்டுவிடும். நம் பேப்பர் காத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தானே.

தூரத்திலும் கோட்டை விட்டிருந்தேன். டெவலப்பர் தட்டுக்கும் பல்புக்கும் இடையே 2 அடிகூட இல்லை. தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். சுற்றிலும் வெள்ளை டைல்ஸ் வேறு, வந்த ஒளியை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது செய்வதாக இருந்தால் நான் யோசிக்காமல் சிவப்பு எல்.இ.டி. பக்கம் போவேன். இழை பல்பு எல்லா நிறத்தையும் உமிழும், வேண்டாததை நாம் வடிகட்ட வேண்டும். சிவப்பு எல்.இ.டி. சில்லு பிறக்கும்போதே சிவப்பை மட்டும்தான் உமிழ்கிறது. 630 நானோமீட்டர் சில்லு என்றால் அதன் ஒளி அதைச் சுற்றி இருபது நானோமீட்டர் அகலத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மல்டிகிரேடு பேப்பரின் பச்சை எல்லைக்கும் இதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

கடையில் 660 நானோமீட்டர் அடர்சிவப்பும் கிடைக்கும். இன்னும் தள்ளி இருப்பதால் அதுதான் நல்லது என்று தோன்றலாம். பாதுகாப்பில் சரிதான், ஆனால் நம் கண்ணையும் பார்க்க வேண்டும். அதே அளவு ஒளி ஆற்றலுக்கு 630, 660ஐவிட நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சமாகத் தெரியும். 590 பக்கம் உள்ள ஆம்பர் இன்னும் பிரகாசம், 630ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பழைய ஸ்டுடியோ ஆட்கள் ஆம்பரை விரும்பியதில் நியாயம் இருக்கிறது, பிரிண்ட்டின் கருமையைச் சரியாகப் பார்த்து எடுக்க முடியும். ஆனால் மலிவான ஆம்பர் எல்.இ.டி.யின் ஒளி வால் பச்சைப் பக்கம் நீளும், மல்டிகிரேடுக்கு அது ஆபத்து. வீட்டில் செய்கிறவருக்கு 620 முதல் 635 வரைதான் தலைவலி இல்லாத இடம் என்பது என் கருத்து.

ஆனால் 'சிவப்பு எல்.இ.டி. பல்பு' என்று எழுதியிருப்பதெல்லாம் சிவப்புச் சில்லு இல்லை. கடையில் விற்கும் கலர் எல்.இ.டி. பல்புகளில் சில, வெள்ளை எல்.இ.டி.க்கு மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டவை. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் பக்கம் எரியும் நீலச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. நீலத்தையே ஊற்றாக வைத்துக்கொண்டு மேலே ஒரு சிவப்பு மூடி! இருட்டறைக்கு இதைவிட மோசமான விளக்கைத் தேடினாலும் கிடைக்காது. சீரியல் செட்டிலும் இதே இரண்டு வகை உண்டு.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லாத கருவி ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கும்: பழைய சி.டி. அதன் தடங்கள் 1.6 மைக்ரான் இடைவெளியில் இருப்பதால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய விளக்கின் ஒளி சி.டி.யில் பட்டு வருமாறு சாய்த்துப் பாருங்கள். நல்ல சிவப்பு எல்.இ.டி. என்றால் சிவப்புப் பட்டை மட்டும் தெரியும். மூடி போட்டதாக இருந்தால் பக்கத்திலேயே பச்சையோ நீலமோ மங்கலாக எட்டிப் பார்க்கும். என் பழைய ஜீரோ வாட் பல்பை இப்படிப் பார்த்தபோது பச்சை தெளிவாகத் தெரிந்தது. தாத்தாவின் வேட்டி அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. இந்தச் சோதனையில் தோற்ற விளக்கைத் தயங்காமல் ஒதுக்கலாம். ஆனால் ஜெயித்ததை உடனே நம்பிவிட முடியாது. கண்ணுக்கு எட்டாத கசிவும் பேப்பரில் நிமிடக் கணக்கில் சேரும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி. நான்கு, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, ஒரு ரெசிஸ்டர். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போகும். நான்கை வரிசையாகக் கோத்தால் 8. மீதி 4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 200 ஓம், கடையில் எளிதாகக் கிடைப்பது 220. கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக 150 ஓம். எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். ஒன்றை மாற்றிக் கோத்தாலும் முழு வரிசையும் எரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குறைந்த வோல்டேஜ். இருட்டறை என்றால் ஈரக் கை, தண்ணீர்த் தட்டு, இருட்டில் தடவித் தடவி நடப்பது. அங்கே 230 வோல்ட் ஹோல்டரைத் தொங்கவிட எனக்கு மனசு வராது. சார்ஜர், அடாப்டர் எதுவாக இருந்தாலும் தண்ணீருக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று, பலர் செய்யும் குறுக்குவழி: 60 வாட் பல்பைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டுவது. அது ஒளியையும் சரியாகத் தடுக்காது, சூட்டில் சுருங்கிக் கருகவும் செய்யும்.

கோத்ததை ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேஜையைப் பார்க்காமல் மேல்கூரையையோ சுவரையோ பார்த்து எரியவிடுங்கள். மோதித் திரும்பும் ஒளி அறை முழுக்கச் சீராகப் பரவும். பேப்பர் மேல் படும் அளவும் குறையும். சாலிடர் செய்யவெல்லாம் பொறுமை இல்லை என்றால் பேட்டரியில் எரியும் சைக்கிள் பின்விளக்கு ஒன்று வாங்கிச் சுவரைப் பார்த்து மாட்டலாம். சி.டி. சோதனை அதற்கும் உண்டு.

ஏற்கெனவே ஒரு சாதாரண விளக்கு இருக்கிறது, அதற்கு ஃபில்டர் போடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ரூபிலித் என்ற பொருள் இருக்கிறது. ஆஃப்செட், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒளியை மறைக்கும் மாஸ்க் வெட்டப் பயன்பட்ட சிவப்பு ஃபிலிம், தெளிவான பாலியஸ்டர் தாளின் மேல் ஒட்டியிருக்கும். அச்சுப் பிளேட்டையும் அச்சுக்கான லித் ஃபிலிமையும் நீல, ஊதா ஒளியிலிருந்து மறைக்கவே செய்தது என்பதால் கடைச் சிவப்புத் தாளோடு இதை ஒப்பிடவே முடியாது. கடைத் தாளைத்தான் போட வேண்டிய நிலை என்றால் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். ஒரு தாள் நூற்றில் ஒரு பங்கைக் கசியவிட்டால் இரண்டு சேர்ந்து பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் விடும். சாயம் எதுவானாலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் வெளுக்கும், பேர்பெற்ற நிறுவனத்தின் ஃபில்டருக்கும் இதே விதிதான்.

விளக்கைச் சோதிப்பதற்கு முன்னால் அறையைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் கும்மிருட்டாக இருந்த அறையில் ஐந்தாவது நிமிடத்தில் கதவிடுக்கு கோடாகத் தெரியும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை தெரியும், அடாப்டரின் பச்சை விளக்கு டார்ச் அடிப்பது போல இருக்கும். குழந்தைகள் எப்போதோ ஒட்டிய ரேடியம் ஸ்டிக்கர் மின்னும், டியூப் லைட்கூட அணைத்த பிறகு கொஞ்ச நேரம் மினுக்கும். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரின் நெகட்டிவ் தட்டுப் பகுதியிலிருந்து கசியும் வெள்ளை ஒளி பின்சுவரில் பட்டு மேஜைக்குத் திரும்புவது இன்னொரு தொல்லை. அந்தச் சுவரில் ஒரு கருப்பு அட்டையை ஒட்டினால் தீர்ந்தது.

இப்போது நாணயச் சோதனை. பேப்பர் துண்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, விளக்கின் கீழே ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்து பார்ப்பது. வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை, தெரியாவிட்டால் சரி. எல்லோரும் சொல்லித்தருவது இதைத்தான். நானும் அந்த ஜீரோ வாட் பல்புக்கு இதைச் செய்தேன், வட்டம் தெரியவில்லை! அதனால்தான் இத்தனை நாள் அதைச் சந்தேகப்படாமல் இருந்தேன்.

எங்கே தப்பு? பேப்பருக்கு ஒரு மந்தம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒளி பட்டால் டெவலப்பரில் ஒன்றுமே காட்டாது, ஆனால் வாங்கியதை உள்ளே வைத்துக்கொள்ளும். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரம்பிய டம்ளரைப் போல. வெறும் பேப்பரில் விளக்கின் கசிவு மட்டும் விழுந்தால் அது விளிம்பைத் தாண்டாது, பேப்பர் வெள்ளையாகவே இருக்கும். பிரிண்ட் போடும்போது அதே கசிவின் மேல் என்லார்ஜரின் ஒளியும் சேர்கிறது. வேட்டி போன்ற வெளிச்சப் பகுதிகளுக்கு என்லார்ஜரிலிருந்து வருவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சமும் இந்தக் கசிவும் சேர்ந்து டம்ளர் வழிகிறது. படத்தைச் சுற்றியுள்ள ஓரம் பளிச்சென்று வெள்ளையாக இருக்க, உள்ளே வெள்ளை மட்டும் அழுக்காகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே சோதனைக்கும் பேப்பருக்கு முதலில் கொஞ்சம் ஒளி கொடுத்துவிட வேண்டும். விளக்கின் பாதுகாப்பைச் சோதிக்கவென்றே கோடாக் கே-4 என்ற சிறு பிரசுரத்தை வெளியிட்டது. நான் செய்வது அதே தத்துவத்தின் எளிய வடிவம். சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் இல்லாமல், என்லார்ஜர் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, டெவலப் செய்தால் வெளிர் சாம்பல் மட்டும் வரும் நேரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சில துண்டுகள் வீணாகும், பரவாயில்லை. பிறகு புதுத் துண்டுக்கு இருட்டிலேயே அந்த அளவு ஒளி கொடுத்து, வழக்கமாக வேலை பார்க்கும் இடத்தில் வைத்து, ஒரு பகுதியை அட்டையால் முழுக்க மூடிவிட்டு விளக்கைப் போடுங்கள். 2 நிமிடம் ஆனதும் அட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு பகுதியையும் மூடுங்கள். 4, 8, 16 என்று இப்படியே. கடைசியில் விளக்கை அணைத்து, இருட்டிலேயே டெவலப்பர், அப்புறம் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சர். முழுக்க மூடியிருந்த பகுதியைவிட எந்தப் பட்டை முதலில் கருக்கிறதோ, அந்த நேரத்துக்குள் உங்கள் விளக்கு பேப்பரைத் தொட்டுவிடுகிறது. இதையே வரிசை மாற்றி, முதலில் சிவப்பு விளக்கு, பிறகு என்லார்ஜர் என்றும் ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு துண்டை எந்த வெளிச்சமும் காட்டாமல் இருட்டிலேயே பெட்டியிலிருந்து எடுத்து டெவலப் செய்து பார்ப்பது நல்லது. அதுவும் சாம்பலாக வந்தால் குற்றவாளி பேப்பர்தான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர் போலப் பழைய சரக்கு எங்காவது கிடைத்து ஆசையாக வாங்கினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. வயதான பேப்பர் தானாகவே மங்கும்.

எக்ஸ்ரே ஃபிலிமில் படமெடுத்துப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் நீலம் மட்டும் பார்ப்பதும் உண்டு, பச்சை வரை பார்ப்பதும் உண்டு. இரண்டுக்கும் நல்ல சிவப்பு எல்.இ.டி. பொருந்தலாம், ஆனால் ஃபிலிமின் வேகம் பேப்பரைவிட மிக அதிகம். பேப்பருக்கு எடுத்த நேரக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது, ஒரு துண்டு வெட்டித் தனியாகச் சோதிக்க வேண்டும். கலர் பேப்பர் மூன்று நிறத்தையும் பார்ப்பது, அதன் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள சிறு சந்தில் மிக மங்கலான ஆம்பர் ஒன்று மட்டும் நுழையும். நம் சிவப்பு விளக்கு அதற்கு எதிரி.

என் நான்கு எல்.இ.டி. டப்பா, மேல்கூரையைப் பார்த்து எரிந்தால், 16 நிமிடப் பட்டையில் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அதில் பாதியை எடுத்து, '8 நிமிடம்' என்று கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து எடுப்பது முதல் ஃபிக்சரில் போடும் வரை ஒரு பிரிண்டுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. போன வாரம் அந்த நெகட்டிவை மறுபடி என்லார்ஜரில் மாட்டினேன். வேட்டி வெள்ளையாக வந்தது, கரையும் தெரிந்தது. கரை இருக்கிறது என்பதே இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.